மட்டிக் கூடைக்கு நான்கு கழிகள்

பொன்னேரியில் பஸ் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என் கேன் புகைவிட ஆரம்பித்துவிட்டது.

"இன்னாய்யா இது? யாருது இந்த கேனு?" என்று கண்டக்டர் கத்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி, அந்த கேனுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல உட்கார்ந்திருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காட்டூர்க்காரம்மா ஒருத்தி, மடியில் கீரைக்கூடை, என்னைக் காட்டிக்கொடுத்தாள். "இதோ, கண்ணாடி போட்டுகினு கீறாரே, இந்த சாருதான் தூக்கினு வந்தாரு." கண்டக்டர் குனிந்து மூடியைத் தட்டிப் பார்த்தார். "மாட்டுக்கு ஊசி போடற கேனுதானே? அத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா சார்?"

அவர் சொன்னது பாதி சரி. கால்நடை மருத்துவராக இருக்கும் என் நண்பன் கொடுத்த கேன் அது. உள்ளே இருந்தது திரவ நைட்ரஜன். அந்த வாரம் முழுக்க நான் பழவேற்காட்டில் மாட்டு ஊசி சார்தான். இரண்டு பேர் எருமைக்கு நாள் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது ஒரு குளிர் தேசத்தில், ஜன்னலைத் திறக்கவே விடாத ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். பிறந்தது கோயம்புத்தூருக்குக் கிழக்கே, கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத ஊரில். "உன் நாடுதானே, போய் மட்டி எடுத்து வா" என்றார் பேராசிரியர். என் ஊரிலிருந்து பழவேற்காட்டுக்கு உள்ள தூரத்தை அவருடைய ஊரிலிருந்து போனால் இரண்டு நாடு தாண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, ஊர்ச் சோறு தின்கிற ஆசை.

மட்டி என்பது பழவேற்காடு ஏரிச் சேற்றில் புதைந்து வாழும் சிப்பி. மழைக்காலத்தில் அதைச் சுற்றி நல்ல தண்ணீர், சித்திரையில் கடலைவிட உப்பு, உச்சி வெயிலில் கால் வைக்க முடியாத சூடு. எல்லாவற்றையும் தாங்கும். சூட்டில் உடம்பிலுள்ள புரதங்கள் முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டு கெடும். அப்படிக் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சில காவல் புரதங்கள் உண்டு. அவற்றைச் செய்யும் மரபணுக்கள் செல்லுக்குள் எப்போதும் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. மரபணுவுக்குச் சற்று முன்னால் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. சூடு ஏறியதும் ஒரு புரதம் போய் அங்கே உட்காரும். அது உட்கார்ந்த பிறகுதான் மரபணுவைப் படியெடுக்கும் எந்திரம் வேலையைத் தொடங்கும். ஈயில் இதைப் பார்த்திருந்தார்கள். மட்டியில் அந்த இடத்தில் உட்காருவது யார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

அதற்கு விடிகாலை மட்டியும் வேண்டும், உச்சிவேளை மட்டியும் வேண்டும். செவுளை அறுத்து உடனே உறைய வைக்க வேண்டும். அதற்குத்தான் கேன்.

பழவேற்காட்டில் காதர் பாய் வீட்டு மாடி அறையில் தங்கினேன். பாட்டன் காலத்தில் கப்பலில் துணி ஏற்றிய குடும்பம், இப்போது அவருக்கு இரண்டு படகும் ஒரு பலசரக்குக் கடையும். முதல் நாள் ராத்திரி இறால் தொக்கும் தேங்காய்ப்பால் சோறும் போட்டார்கள். ஐந்து வருடம் அவித்த உருளைக்கிழங்கு தின்ற நாக்கு. எத்தனை தடவை கேட்டு வாங்கினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. "மெதுவா துன்னுங்க சார், எறா எங்கியும் ஓடாது" என்றார் பாய்.

மறுநாள் காலை படகில் மீனவர் குப்பத்துக்குப் போனேன். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பக்கத்தில்தான், பெயர் வேண்டாம். படகில் இரண்டு பெண்கள் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள், எங்கள் ஊர்ப் பக்கமும் அந்தப் பேச்சு உண்டு. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மண் தூர்ந்து குறுகிவிட்டதாம், அலை அங்கேயே மடங்கி உடைகிறதாம், போன வாரம் ஒரு கட்டுமரம் கவிழ்ந்ததாம். "தெற்குக் காத்து நிக்கிற வரைக்கும் என் ஆளை வெளியே விடமாட்டேன்" என்றாள் ஒருத்தி. நான் கேன் மூடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

குப்பத்துத் தலைவரிடம் அனுமதி கேட்டேன். மூங்கில் கூடையில் மட்டியைப் போட்டு இரண்டு மூன்று நாள் தண்ணீரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "வச்சிக்க சார், ஏரி இன்னா எங்க வூட்டுச் சொத்தா?" என்றார். ஒரு பெண் கேழ்வரகுக் கூழும் சுட்ட கிழங்கான் கருவாடும் கொண்டுவந்து தந்தாள். எங்கள் ஊரில் கூழுக்குச் சின்ன வெங்காயம், இங்கே கருவாடு. அவ்வளவுதான் வித்தியாசம், வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூடை கட்ட உதவியவர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். வலது கையில் மூன்று விரல் மடங்காது. திருக்கை மீன் முள் குத்திச் சீழ் வைத்து நரம்பு போய்விட்டது. கூடை கொண்டுவந்து கொடுத்த அவர் மனைவி கன்னியம்மாவுக்கு ஏழு மாதம்.

"கடலு எனக்கு இனிமே இல்ல சார்" என்றார் ஏழுமலை. "அலைய ஏறும்போது கட்டையைப் புடிக்கணும். இந்தக் கை புடிக்காது. ஏரிதான் எனக்கு எல்லாம்."

நான் செய்கிற வேலை என்னவென்று சொன்னேன். முழுசாகக் கேட்டார். பிறகு, "அப்போ ஒவ்வொரு மட்டிக்குள்ளயும் எல்லா வேலையும் எழுதி வச்சிகீதுன்றியே, எல்லாம் ஒரே நேரத்துல ஏன் நடக்கல?" என்றார்.

எங்கள் கூடத்தில் புதிதாக வரும் மாணவர்கள் ஆறு மாதம் கழித்துக் கேட்கிற கேள்வி அது. குஷியாகிவிட்டேன். இடம் இருக்கிறது, அந்த இடத்துக்கென்று ஒரு புரதம் இருக்கிறது, அது வந்து உட்கார வேண்டும், சில நேரம் அது தனியாக உட்கார்ந்தால் வழுக்கிவிடும், பக்கத்தில் இன்னொரு புரதம் சேர்ந்து பிடித்தால்தான் நிலைக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"இது எங்க பாடு மாதிரியே கீதே சார்."

பாடு என்பது அவர்கள் முறை வைத்து வலை போடும் ஏற்பாடு. ஏரி பெரிசு, ஆனால் எறா கூடும் இடங்கள் கொஞ்சம்தான். வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் சீட்டுக் குலுக்கி, எந்த இடம் எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று முடிவு செய்கிறார்கள். தன் நாளில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் அங்கே போக மாட்டார். போலீஸ் இல்லை, காகிதம் இல்லை, ஆனால் மீறுவதில்லை.

"தப்பான ஆளு போயி குந்திகினா?" என்று கேட்டார்.

"அதும் நடக்குங்கண்ணா. சில புரதம் வந்து உட்காந்துட்டா, படியெடுக்கிறது கிட்டவே வர முடியாது. வழி அடைச்சுக்கும்."

"யாரு எழுப்புவா?"

"யாரும் எழுப்ப மாட்டாங்க. அதுவா விலகுனாத்தான் உண்டு."

"எங்க ஊர்லயும் அப்டித்தான்" என்று சிரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, என் பேச்சிலேயே எனக்கு மயக்கம்.

கிளம்பும்போது சொன்னார், "நாளான்னிக்கு விடிகாலம் எனக்குப் பாடு. இருபத்தி மூணு நாளா காத்துகினு கீறேன். அதோ, நீரோட்டம் போவுதே, அந்த எடம். எறா சீசன்ல அந்த எடம் வர்றது குடுத்து வச்சிருக்கணும் சார். இதுல நல்லா எறா வுழுந்துச்சின்னா அவளுக்குப் பிள்ளை பொறக்கற வரைக்கும் தாங்கும்."

மூன்றாம் நாள் கூடையைத் தூக்கினால் பாதி மட்டி செத்துக் கிடந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் வைத்தது தப்பு. தண்ணீர் அசையாமல் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. செத்த மட்டி வாயைப் பிளந்துகொண்டு நாறியது. ஐயாயிரம் மைல் வந்து வெறுங்கையோடு போவதா என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நீரோட்டம் உள்ள இடம் வேண்டும். அப்போது ஏழுமலை கை காட்டிய இடம்தான் ஞாபகம் வந்தது.

அங்கே மறுநாள் அவர் வலை போடுவார் என்பதும் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என் கூடை ஒரு முழ அகலம். ஏரி எவ்வளவு பெரிசு. அவர் வலையை அந்தண்டை தள்ளிப் போட்டுக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன்.

மாலையில் யாரையும் கூப்பிடாமல் நானே இறங்கினேன். தண்ணீர் இடுப்பளவுதான். நான்கு சவுக்குக் கழிகளைத் தோளில் வைத்து நடந்து போய், சேற்றில் அடித்து இறக்கி, நடுவில் கூடையைக் கட்டினேன். நீச்சல் தெரியாத கிணற்றடி ஆள் தனியாக ஏரியில் வேலை செய்தது பெருமையாக இருந்தது. கரையில் நாலைந்து பேர் வலை பின்னியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். மட்டிகள் நன்றாக இருந்தன. தண்ணீரில் நின்றபடி ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கரையில் ஏழுமலை தெரிந்தார். தோளில் வலை. என்னைப் பார்த்தார், கழிகளைப் பார்த்தார். நெடுநேரம் நின்றார். நான் கையை ஆட்டினேன். அவரும் அந்த மடங்காத கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு வலையோடு திரும்பிப் போனார். வேறு இடம் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து, நான் மட்டியை அறுக்கக் கரைக்கு வந்தேன்.

உச்சிவேளை மட்டிக்காகக் காத்திருந்தபோது முகத்துவாரத்துப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். கட்டுமரம் கவிழ்ந்துவிட்டது. இருந்தவர்கள் இரண்டு பேர், கன்னியம்மாவின் தம்பியும் ஏழுமலையும். தம்பி கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்துவிட்டான். அவர் பிடித்த கை நிற்கவில்லை.

மத்தியானம் கரையில் ஒதுங்கினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அவருடைய கால்களை மட்டும் பார்த்தேன். கன்னியம்மா அழவில்லை. வயிற்றில் கை வைத்து மண்ணில் உட்கார்ந்து, "வாணான்னு சொன்னேன், வாணான்னு சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடல் தனக்கு இல்லை என்றவர் ஏன் போனார்? என்னைத் தேடி வந்திருந்த காதர் பாயிடம் கேட்டேன். அவர் தலைவரிடம் பேசிவிட்டு வந்து, என் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"நீங்க கழி நட்டீங்களா சார்?"

"ஆமாங்க. கூடைக்கு."

"கழி நின்னா அந்த எடத்துல ஆளு கீதுன்னு அர்த்தம் சார் இவங்களுக்கு. பாடு உள்ளவன் மொத நாளு சாயங்காலமோ விடிகாலத்துலயோ போயி கழி நட்டுருவான். அப்புறம் வேற எவனும் வலைய எறக்க மாட்டான், கழியத் தொடவும் மாட்டான். நட்டவன்தான் புடுங்கணும். அவன் நடப் போறதுக்குள்ள நீங்க நட்டுட்டீங்க."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே? நான் எடுத்திருப்பனே?"

"ஊரு உங்களுக்கு அந்த எடத்தக் குடுத்துட்டுதுன்னு நெனச்சிகினான். குடுத்தத திருப்பிக் கேக்கறது இவங்களுக்கு மருவாதி இல்ல. மத்த எடமெல்லாம் வேற வூட்டுப் பாடு, அவனுக்குக் கடலுதான் மிச்சம்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுள்ளிக்கட்டைத் தூக்கிப் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது. படித்த நான் தெரிந்துகொள்ளவில்லை. இடத்தைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தவன், அந்த இடம் யாருடையது என்று தெரிந்தும் போய் உட்கார்ந்தேன்.

கன்னியம்மாவிடம் போனேன். அவள் முன்னால் நின்றேன். அவளே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "வந்து சொன்னாரு சார். சாரு கழி நட்டுகிறாரு, வெளியூர்லேந்து வந்துகிறாரு, பாவம், கெடைச்சா கெடைக்கட்டும்னாரு. ஒரு நாளு எந்தம்பியோட போயிட்டு வரேன்னாரு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நான் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கழிகளைப் பிடுங்கப் போனேன். கரையில் ஊரே நின்றது. மூன்று வந்துவிட்டன. நாலாவது களிமண்ணில் ஆழமாக இறங்கியிருந்தது. கட்டிப் பிடித்து இழுத்தேன், தோளால் முட்டினேன், அசையவில்லை. உதவிக்கு யாரும் இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. கேனில் நைட்ரஜன் குறைந்துகொண்டே இருந்தது. மறுநாள் விமானம். நாலாவது கழியை விட்டுவிட்டுக் கரையேறினேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உச்சிவேளை தப்பிவிட்டாலும் வெயில் குறையவில்லை என்று, அன்றைக்கும் உட்கார்ந்து மட்டிகளை அறுத்து உறைய வைத்தேன். ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு போகும் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு செவுளைக்கூட நான் தவறாக அறுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

குளிர் தேசத்துக்குத் திரும்பி மூன்று மாதத்தில் வேலை பலித்தது. டிஎன்ஏ துண்டின் ஒரு முனையில் கதிரியக்க அடையாளம் வைத்து, மட்டியின் செல் கருவிலிருந்து எடுத்த புரதங்களோடு கலந்து, பிறகு டிஎன்ஏவைக் கண்ட இடத்தில் வெட்டும் நொதியைச் சேர்ப்போம். வெட்டுப்பட்ட துண்டுகள் படச்சுருளில் ஏணிப்படிபோல வரிசையாகக் கறுப்பாக விழும். எங்கே ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறதோ அங்கே நொதியால் வெட்ட முடியாது. ஏணியில் அந்தப் படிகள் மட்டும் இருக்காது. வெறுமையாக இருக்கும்.

வெயில் மட்டியின் படத்தில் அந்த வெறுமை தெளிவாக விழுந்தது. பேராசிரியர் அதைப் பென்சிலால் சுழித்து, "இங்கே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பிடித்துவிட்டாய்" என்று முதுகில் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாளிட்டுக்கொண்டு அழுதேன்.

அதற்கடுத்த வாரம் காதர் பாயின் கடிதம் வந்தது. குழந்தை பெண், சுகம் என்று எழுதியிருந்தார். "நீங்கள் விட்டுப்போன கழி இன்னும் நிற்கிறது. சாவு விழுந்த கழி என்று யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். நான் பிடுங்கலாம் என்றால் நான் அந்த ஊர் ஆளும் இல்லை, நட்டவனும் இல்லை. அந்த இடம் யாருக்குப் பாடு வந்தாலும் சும்மா கிடக்கிறது. அடுத்த மாதம் கன்னியம்மா வீட்டுக்கு முறை வருகிறது. அவள் தம்பி வலை போடுவான், கழி போனால். தங்கள் சௌகரியம் போல் செய்யவும்."

ஒரு கழியைப் பிடுங்க விடுமுறை வேண்டும் என்று பேராசிரியரிடம் சொல்ல முடியுமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அம்மா செத்து ஆறு வருடம் ஆகிறது.

மறுபடி பொன்னேரி, மறுபடி அந்த பஸ், மறுபடி படகு. பாய் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிடாமல் கிளம்பினேன். கழி பாசி பிடித்து நின்றது. இந்தத் தடவை ஒரு மண்வெட்டி கொண்டுபோயிருந்தேன். அடிக்கடி மூழ்கி, மண்வெட்டியாலும் கையாலும் களிமண்ணைத் தோண்டி, காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆனது. உள்ளங்கை தோல் உரிந்து உப்புத் தண்ணீர் எரிந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது கழி ஆடியது, பிறகு சட்டென்று வந்து என்னைத் தண்ணீரில் தள்ளியது.

கரையில் கன்னியம்மா நின்றிருந்தாள், தோளில் குழந்தை. தம்பி வலையைத் தோளில் போட்டுத் தயாராக இருந்தான், என்னைப் பார்க்கவில்லை. நான் கழியை மணலில் போட்டேன். நல்ல சவுக்கு, வீட்டுக்கு முட்டுக் கொடுக்க ஆகும்.

"இத்த இங்க போடாத சார்" என்றாள் கன்னியம்மா. குரலில் கோபம் இல்லை. "உன் கழி. நீ எடுத்துகினு போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். படகில் குறுக்கே வைத்தேன், எல்லோரும் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பழவேற்காட்டில் பஸ் ஏறி, இருக்கைகளுக்கு நடுவில் நீளவாக்கில் கிடத்தினேன். இருக்கைக் காலில் சேறு ஒழுகியது. அதே கண்டக்டர். காலில் இடறியதும் கத்தினார்.

"யாருய்யா இது, நடு வழியில? யாருது இந்தக் கழி?"

எழுந்து நின்று, "என்னுடையது" என்றேன்.